ஸ்கிராபிளில் வரும் விசித்திரச் சொற்களுக்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டுமா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொற்களை அமைக்கும் ஸ்கிராபிளை ஆடும்போது எதிரில் இருப்பவர்கள் யாரும் கேள்விப்படாத இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களை வைத்து முப்பது, நாற்பது புள்ளிகளை அள்ளிக்கொண்டு போகிறார்கள், அந்தச் சொற்களுக்கு உண்மையில் பொருள் உண்டா, பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தால் போதுமா, எதிலிருந்து தொடங்குவது?

அவற்றில் ஒன்றுகூட விளையாட்டுக்காக இட்டுக்கட்டப்பட்டதில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆங்கில அகராதியில் பொருளோடு இருப்பதுதான். விதிப்படி ஆட்டக்காரர் பொருள் சொல்ல வேண்டியதில்லை. போட்டிக்கென ஏற்கப்பட்ட சொற்பட்டியலில் சொல் இருந்தால் போதும். ஆனாலும் பொருளைத் தெரிந்துகொள்வதில் ஒரு நேரடி லாபம் இருக்கிறது. ஒரு சொல் பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா, உரிச்சொல்லா என்பதைப் பொருள்தான் காட்டிக்கொடுக்கிறது. அது தெரிந்தால் அந்தச் சொல்லின் வாலில் எஸ் ஒட்டலாமா, இறந்தகால விகுதி சேர்க்கலாமா என்பதும் தெரிந்துவிடுகிறது. ஸ்கிராபிளில் பாதிப் புள்ளிகள் இப்படி ஒட்டுவதிலிருந்தே வருகின்றன என்பது என் கணிப்பு. இந்தக் கோணத்திலிருந்தே கீழே சொல்லப்போகிறேன்.

ஒரு சிறு ஏற்பாடு: ஆங்கிலச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்து அவ்வெழுத்துகளின் பெயரால் தருகிறேன். ‘டி’ என்று குறிலாக வந்தால் டேவிட் என்ற பெயரின் முதலெழுத்து. ‘டீ’ என்று நெடிலாக வந்தால் டைகர் என்ற சொல்லின் முதலெழுத்து.

முதலில் எந்தப் பட்டியல் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் போட்டிகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இரண்டு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான சொற்கள் உள்ளன. பிரிட்டன், இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், நைஜீரியா போன்ற நாடுகளில் போட்டி ஆடுபவர்கள் பெரும்பாலும் காலின்ஸ் பட்டியலைப் பின்பற்றுகிறார்கள். அதில் சுமார் 2 இலட்சத்து 80 ஆயிரம் சொற்கள் உள்ளன. இந்த வித்தியாசத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பிரிட்டனின் அதிகாரப்பூர்வப் பட்டியல் 1988-இல் முதன்முதலாக வெளிவந்தபோது அது சேம்பர்ஸ் அகராதியை அடிப்படையாகக் கொண்டிருந்தது. எடின்பரோவில் பிறந்த அந்த அகராதி ஸ்காட்லாந்து வழக்குச் சொற்களையும், ஸ்பென்சர், ஷேக்ஸ்பியர், மில்டன் காலத்துப் பழஞ்சொற்களையும் தாராளமாகச் சேர்த்து வைத்திருந்தது. பின்னர் பொறுப்பு காலின்ஸ் நிறுவனத்துக்கு மாறியபோதும் அந்தச் சொற்கள் வெளியேற்றப்படவில்லை. அதனால்தான் இன்று சென்னையிலோ கொழும்பிலோ ஆடுபவர் ஸ்காட்லாந்துக் குடியானவரின் மாட்டுக்கும் பேரப்பிள்ளைக்கும் உரிய சொற்களைக் கற்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது எழுத்துகளின் கணக்கு. ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் என்ற நியூயார்க் மாநிலத்துக் கட்டடக் கலைஞர் 1930-களின் பெருமந்தத்தில் வேலை இழந்த பிறகு இந்த விளையாட்டை வடிவமைத்தார். செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து எழுத்துகளின் எண்ணிக்கையையும் மதிப்பையும் நிர்ணயித்தார். 1948-இல் ஜேம்ஸ் புரூனோ அதற்கு ஸ்கிராபிள் என்ற பெயரைச் சூட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தார். மொத்தம் 100 டைல்கள், அதாவது எழுத்துக் கட்டைகள். அவற்றில் இரண்டு, எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய எழுத்தில்லாத பிளாங்க். இ 12 இருக்கிறது. கியூவும் இசட்டும் ஒவ்வொன்றுதான், மதிப்பு 10. ஜே, எக்ஸ் இரண்டும் ஒவ்வொன்று, மதிப்பு 8. எஸ் நான்கு மட்டுமே. கையில் இருக்கும் ஏழு டைல்களையும் ஒரே வீச்சில் வைத்தால் 50 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். ஆட்டக்காரர்கள் அதை பிங்கோ என்பார்கள்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், ‘விசித்திரச் சொல்’ என்று எதைப் படிக்க வேண்டும் என்பது தானே தெளிவாகும். மதிப்புள்ள எழுத்தைக் குறைந்த இடத்தில் வைக்க உதவும் சொல், உயிரெழுத்தே இல்லாத கையையோ உயிரெழுத்துகள் மட்டும் நிறைந்த கையையோ காப்பாற்றும் சொல், ஏற்கெனவே பலகையில் இருக்கும் சொல்லுக்குப் பக்கத்தில் இணையாக ஒட்ட உதவும் சொல், இவைதான் தேவை. பதினைந்து எழுத்து நீளமுள்ள மருந்தின் பெயரைக் காட்டி, ஒரே வீச்சில் 1,700 புள்ளிக்கு மேல் எடுக்கலாம் என்று காகிதத்தில் நிரூபித்தவர்கள் இருக்கிறார்கள். அது வேடிக்கைக் கணிதம்; அதற்காக ஒரு மணி நேரம்கூடச் செலவிட வேண்டாம்.

இரண்டெழுத்துச் சொற்கள்தான் அடித்தளம். வட அமெரிக்கப் பட்டியலில் 107, காலின்ஸில் 127. 2018-இல் அமெரிக்கப் பட்டியலில் ‘ஓ-கே’ நுழைந்தது. 2019-இல் காலின்ஸும் அதை ஏற்றது. உலகமே பல தலைமுறைகளாகச் சொல்லிவரும் ஒரு சொல்லுக்கு இவ்வளவு தாமதமாகக் கதவு திறந்தது எனக்கு இன்றும் வியப்புதான். வி என்ற எழுத்துக்கு இரு பட்டியல்களிலும் இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. அதனால் பலகையில் ஒரு வி விழுந்தால் அதை ஒட்டி இணையாக ஆட முடியாமல் அந்தப் பகுதியே அடைபட்டுப்போகிறது. முன்னிலையில் இருப்பவர் பலகையை அடைக்க இதை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு.

கியூ-ஐ என்பது போட்டிகளில் மிக அதிகமாக ஆடப்படும் சொற்களில் ஒன்று. சீன மரபில் உடலில் ஓடுவதாகக் கருதப்படும் உயிராற்றல், நம் மொழியில் பிராணன் என்பதற்கு அண்மையானது. 2006-இல்தான் அது அமெரிக்கப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த ஒரு சொல் கியூ மீது ஆட்டக்காரர்களுக்கு இருந்த அச்சத்தையே போக்கிவிட்டது என்று சொல்லலாம். எழுத்தின் மதிப்பை மூன்று மடங்காக்கும் கட்டத்தில் கியூவை வைத்து, வலப்புறமும் கீழ்ப்புறமும் ஐ அமையுமாறு செய்தால், அந்த இரண்டு டைல் சொல் இருமுறை எண்ணப்பட்டு 62 புள்ளி தருகிறது. இதே சீனச் சொல் பழைய முறையில் சி-எச்-ஐ என்றும், ஜப்பானிய ஒலிப்பின்படி கே-ஐ என்றும் பட்டியலில் இருக்கிறது. ஆற்றலை எண்ண முடியாதே, பன்மை எப்படி வரும் என்று கேட்டால், பட்டியல் அதைப் பொருட்படுத்துவதில்லை, கியூ-ஐ-எஸ் செல்லும். பெயர்ச்சொல் என்றால் எண்ண முடியாததாக இருந்தாலும் எஸ் ஒட்டும் என்று முதலில் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

ஏ-ஏ என்பது ஹவாய்த் தீவுகளின் எரிமலைக் குழம்பு இறுகிக் கரடுமுரடாகும் வகை. வழவழப்பாக இறுகும் வகைக்கு ‘பஹோயிஹோயி’ என்று இன்னொரு ஹவாய்ச் சொல் உண்டு, அதுவும் பட்டியலில் இருக்கிறது. இரண்டும் நிலவியல் படித்தவர்களுக்குப் பழகிய கலைச்சொற்கள். ஏ-ஐ செல்லும், ஆனால் செயற்கை நுண்ணறிவுக்காக அல்ல, அது சுருக்கெழுத்து என்பதால் விதிப்படி செல்லாது. தென் அமெரிக்கக் காடுகளில் மூன்று விரல்களோடு கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும் தேவாங்கு போன்ற சோம்பல் விலங்கின் பெயர் அது. அவ்விலங்கு எழுப்பும் ஒலியிலிருந்து துப்பி மொழியில் வந்தது என்கிறார்கள். விலங்கு என்று நினைவிருந்தால் ஏ-ஐ-எஸ் செல்லும் என்பதில் ஐயம் வராது. இசட்-ஏ என்பது அமெரிக்க இளைஞர்கள் பீட்சாவின் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் சொல்வது. எக்ஸ்-யூ வியட்நாமின் பழைய சில்லறை, டாங்கின் நூறில் ஒரு பங்கு. கே-ஏ பண்டைய எகிப்தியர் நம்பிய, மனிதனோடு கூடவே வாழும் நிழலுயிர். ஓ-இ என்பதற்கு இரண்டு பொருள்: ஃபாரோ தீவுகளருகே வீசும் சூறைக்காற்று, ஸ்காட்லாந்து வழக்கில் பேரப்பிள்ளை. ஜே-ஓ ஸ்காட்லாந்துக் காதலி.

யூ-டீ என்ற சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் தர வேண்டும், ஏனென்றால் அது ஒரு குடும்பத்தையே அழைத்துவருகிறது. 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரேட்சோ நகரத்துத் துறவி குயிடோ, புனித யோவானைப் பற்றிய ஒரு லத்தீன் துதியின் அடிகளில் முதல் அசைகளை எடுத்து ஸ்வரங்களுக்குப் பெயராக வைத்தார். நம் ‘ஸ ரி க ம’வைப் போல அங்கே ‘உட் ரே மி ஃபா சோல் லா’ வந்தது. பின்னாளில் ‘உட்’ போய் ‘டோ’ வந்தாலும் பழைய பெயர் அகராதியில் தங்கிவிட்டது. இந்த ஸ்வரப் பெயர்கள் அனைத்தும், அவற்றின் மாற்று எழுத்துக்கூட்டல்களோடு சேர்த்து, ஆடத்தக்கவை. ஒரு கதையைத் தெரிந்துகொண்டால் ஏழெட்டுச் சொற்கள் ஒருசேர மனத்தில் நின்றுவிடும். கிரேக்க எழுத்துகளின் பெயர்களும் அப்படியே. நான்கு பெயர்கள் இரண்டெழுத்துச் சொற்களாகவே அமைகின்றன. ஆங்கில எழுத்துகளின் பெயர்கள்கூடச் சொற்கள்தான்: இ-எஃப், இ-எல், இ-எம், இ-என் ஆகியவற்றை அப்படியே வைக்கலாம். கடைசி இரண்டும் அச்சகத்தில் அகல அளவுகள் என்பதை அச்சுத் தொழிலோடு பழகியவர்கள் அறிவார்கள்.

காலின்ஸில் மட்டும் இருக்கும் இசட்-ஓ, யாக் எருமைக்கும் பசுவுக்கும் பிறந்த இமயமலைக் கலப்பின மாடு. திபெத்தியச் சொல்லை ஆங்கிலேயர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியதால் டி-இசட்-ஓ, டி-எஸ்-ஓ, இசட்-எச்-ஓ, டி-இசட்-எச்-ஓ என்று அதே மாடு ஐந்து வேடங்களில் வருகிறது. பொருள் தெரியாதவருக்கு இவை ஐந்து தனித்தனிக் குப்பைகள். தெரிந்தவருக்கு ஒரே மாடு.

சி-எச் என்ற காலின்ஸ் சொல் இங்கிலாந்தின் மேற்குப் பகுதிப் பழவழக்கில் ‘நான்’ என்பதன் சிதைவு. ‘நான்’ என்பதற்குப் பன்மையாக எஸ் வராது என்று பொருளே சொல்லிவிடுகிறது, பட்டியலும் அதை ஏற்பதில்லை. ஆனால் இந்த வழியை எல்லாப் பிரதிப்பெயர்களுக்கும் நீட்டிவிடக் கூடாது. ‘அவன்’, ‘அவள்’ என்பதற்கான ஆங்கிலச் சொற்கள் ஆண், பெண் என்ற பெயர்ச்சொல்லாகவும் வழங்குவதால் எஸ் ஏற்கின்றன. கியூ-யூ-ஏ என்பது ‘என்ற நிலையில்’ எனப் பொருள்படும் இடைச்சொல் போன்றது; அதற்கும் எஸ் இல்லை. பொருள் ஒரு வழிகாட்டிதான், இறுதித் தீர்ப்பு பட்டியலுடையதே.

யூ இல்லாத கியூ என்ற பகுதிக்கு வருவோம். தமிழர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. அதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் கியூவுக்குப் பின் யூ வராத சொற்களில் பெரும்பங்கு அரபியிலிருந்தும், அரபி வழியாகப் பாரசீகம், உருது ஆகியவற்றிலிருந்தும் வந்தவை. தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் ககரத்துக்கு அரபியில் ‘காஃப்’ என்று தனி எழுத்து உண்டு. அதை ரோமன் எழுத்தில் கியூவாக எழுதும் மரபினால் இந்தச் சொற்கள் உருவாயின. அவற்றில் பல தமிழ்நாட்டுத் தெருக்களில் அன்றாடம் புழங்குபவை. காஜி என்று நாம் சொல்லும் இஸ்லாமிய நீதிபதி கியூ-ஏ-டி-ஐ. அதையே முதலில் சி வைத்தும் கே வைத்தும் எழுதலாம். வக்ஃபு வாரியத்தின் வக்ஃபு, டபிள்யூ-ஏ-கியூ-எஃப். பக்கீர், எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர். தலாக், டீ-ஏ-எல்-ஏ-கியூ. புர்காவும் நிகாபும் ககரத்தின் இடத்தில் கியூ பெறுகின்றன. கவ்வாலிப் பாட்டு, ‘இன்குலாப் ஜிந்தாபாத்’ முழக்கத்தின் முதற்பாதி, பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்ளும் குருமா, எல்லாம் காலின்ஸில் இருக்கின்றன. குருமாவை கியூ-ஓ-ஆர்-எம்-ஏ என்று எழுதி ஒருவர் வைத்தால் எதிரில் இருக்கும் ஆங்கிலேயர் தயங்கித்தான் போவார். இந்தச் சொற்களுக்கு மனப்பாடமே வேண்டாம். தமிழில் தெரிந்த சொல்லின் ககரத்துக்கு கியூ போட்டுப் பார்த்து, பட்டியலில் சரிபார்த்துக்கொண்டால் போதும். வட அமெரிக்கப் பட்டியலில் ஆடுபவர்கள் மட்டும் வக்ஃபு, குருமா போன்றவற்றைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் அங்கே கியூ வரிசை சுருக்கமானது.

இவற்றோடு கியூ-ஏ-டீ என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: யேமனிலும் எத்தியோப்பியாவிலும் வெற்றிலை போல மென்று கிளர்ச்சி பெறும் இலை. கே-ஏ-டீ, கே-எச்-ஏ-டீ என்ற எழுத்துக்கூட்டல்களும் செல்லும். கியூ-ஏ-என்-ஏ-டீ, ஈரானில் மலையடிவார நிலத்தடி நீரைச் சாய்வான சுரங்கத்தின் வழியே வயலுக்குக் கொண்டுவரும் பழைய பாசன முறை. அரபிக்கு வெளியே இருந்து வருபவையும் சில உண்டு. கியூ-ஓ-பி-எச் எபிரேய எழுத்தொன்றின் பெயர். தட்டச்சுப் பலகையின் மேல்வரிசை முதல் ஆறு எழுத்துகளான குவர்ட்டியும் ஒரு சொல்தான். இவை எல்லாமே பெயர்ச்சொற்கள், எஸ் ஏற்பவை.

இனி உயிரெழுத்தே இல்லாத கை. ஆங்கிலத்தில் டபிள்யூ மெய்யெழுத்து என்று படித்தவர்களுக்கு சி-டபிள்யூ-எம் என்ற சொல் அச்சுப்பிழையாகத் தோன்றும். வெல்ஷ் மொழியில் டபிள்யூ உயிரெழுத்து. ‘ஊ’ என்று ஒலிக்கும். ஆகவே இது ‘கூம்’: பனியாறு குடைந்தெடுத்த கிண்ணம் போன்ற மலைப் பள்ளத்தாக்கு. எவரெஸ்ட் ஏறுவோர் கடக்கும் மேற்குக் கூம் என்ற பகுதிக்கு 1921-இல் ஜார்ஜ் மல்லோரி இந்த வெல்ஷ் பெயரைத்தான் இட்டார். பனி படர்ந்த அந்தப் பள்ளத்தாக்கை ஒருமுறை படத்தில் பார்த்தவருக்கு இந்த எழுத்துக்கூட்டல் மறக்காது. அதே மொழியிலிருந்து வந்த சி-ஆர்-டபிள்யூ-டீ-எச், ‘க்ரூத்’ என்ற வில்லிசை நரம்புக் கருவி. சி-டபிள்யூ-டீ-சி-எச், அன்பாகக் கட்டியணைப்பது, இது காலின்ஸில் மட்டும். கட்டியணைப்பது வினை என்பதால் இறந்தகால விகுதியும் ஏற்கும்.

டீ-எஸ்-கே என்பது நாம் ‘இச்’ கொட்டுவது. அது வெறும் ஒலிக்குறிப்பு என்று நினைப்பவர்கள் அதோடு நின்றுவிடுவார்கள்; அகராதி அதை வினைச்சொல்லாகவும் ஏற்கிறது. எனவே எஸ்ஸும் இ-டியும் ஒட்டும். அதையே இரட்டித்து, இறுதியில் எஸ் சேர்த்தால் ஏழெழுத்து பிங்கோ ஆகிறது, ஒரு உயிரெழுத்துகூட இல்லாமல். கே ஒன்றே ஒன்றுதான் இருப்பதால் அதற்கு ஒரு பிளாங்க் தேவைப்படும். மாறாக என்-டீ-எச் என்பது ‘என்-ஆவது’ என்ற கணித உரிச்சொல்; ‘ஆவது’க்குப் பன்மை இல்லாததுபோல் அதற்கும் எஸ் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றுபோலவே எழுத்துக்கோவையாக மட்டும் மனப்பாடம் செய்தவர், நெருக்கடியான நேரத்தில் எதற்கு எஸ் உண்டு என்று குழம்புவதைப் போட்டிகளில் சாதாரணமாகக் காணலாம்.

எதிர்த் துயரம், கையில் உயிரெழுத்துகளே குவிவது. இதற்கு மருந்தாக ஐந்தெழுத்தில் நான்கு உயிர் உள்ள சொற்கள் இருக்கின்றன: ஹவாய் மரமான ஏ-ஏ-எல்-ஐ-ஐ, பூண்டு கலந்த மயோனைஸ் போன்ற ஏ-ஐ-ஓ-எல்-ஐ, பூனையின் கத்தலான எம்-ஐ-ஏ-ஓ-யூ. ஏ-யூ-ஆர்-இ-ஐ என்பது ரோமானியத் தங்கக் காசுகள். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புகழ்பெற்ற புதையலில் இருந்தவை இந்தக் காசுகள்தான், மிளகுக்கும் முத்துக்கும் விலையாக நம் கரைக்கு வந்தவை. இங்கே லத்தீன் பன்மை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, ஆகவே வாலில் எஸ் ஒட்டினால் சொல் செல்லாது. முழுக்க உயிரெழுத்துகளால் ஆன மிக நீளமான சொல் காலின்ஸில் உள்ள இ-யூ-ஓ-யூ-ஏ-இ. கிரகோரியன் திருப்பாடல்களின் முடிவில் வரும் ‘செகுலோரும் ஆமென்’ என்ற லத்தீன் தொடரிலிருந்து மெய்களை எல்லாம் நீக்கி, உயிர்களை மட்டும் வரிசையாக எடுத்து எழுதும் பாடகர்களின் குறியீடு அது. அந்தத் தொடரை மனத்தில் சொல்லிக்கொண்டே உயிர்களைப் பொறுக்கினால் எழுத்துக்கூட்டல் தானாக வரும். ஆட்டத்தில் அது அமையும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வி பற்றி மேலே சொன்னேன். இரண்டெழுத்து இல்லாததால் மூன்றெழுத்துதான் கதி: பாறைக்குள் படிகங்கள் விளையும் பொந்தான வி-யூ-ஜி, ஷெட்லாந்துத் தீவின் குறுகிய கடற்கழியான வி-ஓ-இ. இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் பெருமைக்காக அடிக்கடி பட்டியலிடப்படுகின்றன. விளையாட்டுக்குப் பயன்படுபவை அவற்றில் சிலவே. கட்டுமரம் ஒன்பதெழுத்து, மிளகுத்தண்ணீர் பன்னிரண்டெழுத்து. இவை பலகையில் அமைவது அபூர்வம். சுருட்டு பயன்படும், அதிலும் முதலில் சி வைத்தும் எஸ் வைத்தும் இரண்டு விதமாக எழுதலாம் என்பதால். கல்லணையை ஆங்கிலேயர்கள் ‘கிராண்ட் அணிகட்’ என்று குறித்தார்கள் அல்லவா, அந்த அணைக்கட்டு ஒற்றை என்-னோடும் இரட்டை என்-னோடும் காலின்ஸில் இருக்கிறது. வெட்டிவேரும் இருக்கிறது. அப்பளம் மலையாளப் பப்படத்தின் வடிவில் ஐந்துக்கும் மேற்பட்ட எழுத்துக்கூட்டல்களில் வந்து தலைசுற்ற வைக்கும். தோசையில் ஒரு வேடிக்கை: டி-ஓ-எஸ்-ஏ என்பது ஒருமை, அதற்கு எஸ் ஒட்டிய பன்மையும் உண்டு, கூடவே டி-ஓ-எஸ்-ஏ-ஐ என்பதும் செல்லும், அதைப் பன்மையாகக் கொள்கிறார்கள். நாம் ஒரே ஒரு தோசை தின்றாலும் தோசை என்றுதான் சொல்கிறோம் என்பதை யாரும் அகராதிக்காரர்களிடம் சொல்லவில்லை போலும்.

எனக்கு மிகவும் பிடித்தது கஞ்சி. நடுவில் ஜி வைத்தும் ஜே வைத்தும் அது பட்டியலில் இருக்கிறது. ஜே வைத்த சி-ஓ-என்-ஜே-இ-இ என்பதற்கு இறுதியில் டி ஒட்டலாம் என்பதைப் பல தேர்ந்த ஆட்டக்காரர்களே அறியமாட்டார்கள். குடிக்கும் கஞ்சிக்கு இறந்தகாலம் எப்படி வரும்? பருத்தி வேட்டிக்குக் கஞ்சி போடும் வழக்கம் உள்ள வீட்டில் வளர்ந்தவருக்கு விடை உடனே தெரியும். ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் இங்கிருந்த வெள்ளையர்களும் தங்கள் துணிகளுக்குக் கஞ்சி போடச் சொல்லி, அதை வினையாகவே ஆங்கிலத்தில் வழங்கியிருக்கிறார்கள்.

பொருள் அறியாமலேயே வென்றவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ் ஆங்கில ஸ்கிராபிளில் ஐந்து முறை உலக வாகையர். பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015-இல் பிரெஞ்சு மொழி உலகப் பட்டத்தையும், ஸ்பானியம் பேசத் தெரியாமலேயே 2024-இல் கிரனாடாவில் ஸ்பானிய மொழி உலகப் பட்டத்தையும் வென்றார். தாய்லாந்து ஆட்டக்காரர்கள் 2003-இலும் 2009-இலும் ஆங்கில உலகப் பட்டம் வென்றபோதும் இதே வியப்பு எழுந்தது. ரிச்சர்ட்ஸின் நினைவாற்றல் அச்சிட்ட பக்கத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும் வகை. அத்தகைய நினைவாற்றல் உள்ளவருக்கு எஸ் ஒட்டிய வடிவமும் தனிச் சொல்லாகவே பதிந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு ஒரு சொல்லைப் பிடித்தால் அதன் வடிவங்கள் கூடவே வரவேண்டும், அதற்குப் பொருளைவிடச் சிறந்த பிடி இல்லை.

நீளமான சொற்களில் எதைப் படிப்பது என்பதற்கு 2015-இல் பெர்த் நகரில் உலகப் பட்டம் வென்ற முதல் ஆப்பிரிக்கரான நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகெரேயை நினைவில் கொள்ளலாம். நைஜீரிய அணி நான்கெழுத்து, ஐந்தெழுத்துச் சொற்களில் கவனம் செலுத்தி, நல்ல எழுத்துகளை மிச்சம் பிடித்து, பலகையை இறுக்கமாக வைத்திருக்கும் முறைக்குப் பேர்போனது. அதற்காக பிங்கோவைக் கைவிட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் பிங்கோவுக்கு உதவுபவை அபூர்வ எழுத்துச் சொற்களைவிட, ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டீ போன்ற எளிய எழுத்துகளால் ஆன அபூர்வச் சொற்கள். இந்த ஏழு எழுத்துகளை மட்டும் கலைத்து அடுக்கினால் ஒன்பதுக்குக் குறையாத சொற்கள் கிடைக்கின்றன; அவற்றில் கிரேக்கத்துப் பிசின் மணக்கும் வைன், மெழுகுவர்த்திக்குப் பயன்படும் கொழுப்பு, சொரசொரப்பான ஒரு துணி ஆகியவையும் அடங்கும். ஒரே கையில் ஒன்பது சொல் தெரிந்தவருக்கு, பலகையில் எங்காவது ஓர் இடம் கிடைத்தே தீரும். 2006-இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் மைக்கேல் கிரெஸ்டா என்பவர் ஸ்பானிய நாவல் நாயகன் டான் குவிக்சாட்டின் பெயரிலிருந்து பிறந்த ஒரு சொல்லால் ஒரே வீச்சில் 365 புள்ளியும், ஆட்டத்தில் மொத்தம் 830 புள்ளியும் எடுத்தது உண்மைதான். அது ஆயிரத்தில் ஒன்று. அதற்குத் திட்டமிட்டுத் தயாராக முடியாது.

ஆகவே வரிசை இது: முதலில் நீங்கள் ஆடும் பட்டியலின் இரண்டெழுத்துச் சொற்கள் முழுவதும், பொருளோடு. பிறகு கியூ, இசட், எக்ஸ், ஜே வரும் மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள். அதன்பின் யூ இல்லாத கியூ, இது நம்மவர்களுக்குச் சில நாள் வேலைதான். அதோடு உயிரில்லாதவையும் உயிர் நிறைந்தவையும். இவை முடிந்த பிறகே ஏழெழுத்துக்குப் போகலாம். படிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அது பெயரா, வினையா, வேறா என்று ஒரு குறி இட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் பன்மைப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்காது.

சந்தேகமான சொல்லை எதிர்ப்பதா விடுவதா என்ற முடிவும் இதில்தான் அடங்கியிருக்கிறது. அமெரிக்க விதிப்படி, சரியான சொல்லைத் தவறு என்று எதிர்த்தால் உங்கள் முறை பறிபோகும். வேறு சில போட்டிகளில் எதிராளிக்கு 5 புள்ளி போகும். வீட்டு ஆட்டத்தில் பெரும்பாலும் எதுவும் இல்லை. அலைபேசிச் செயலிகள் செல்லாத சொல்லை வைக்கவே விடாது, அதனால் செயலியில் மட்டும் பழகியவர் நேரில் ஆடும்போது தடுமாறுவார். எந்தப் பட்டியல், எதிர்ப்புக்கு என்ன தண்டனை என்ற இரண்டையும் டைல் பையைத் திறப்பதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.